அலுமினிய ஃப்ரேம் விரிசல் விட்டுவிட்டது. அடுத்து ஸ்டீலா, கார்பனா?

சிறுசேரி மிதி | ஞாயிறு இரவு 9.40

இத்தனை நாள் இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு எழுத வேண்டிய நிலைமை.

என் அலுமினிய ஹைப்ரிட் சைக்கிளுக்கு 9 வயது, மீட்டர் கணக்கில் 38,000 கி.மீ. ஆறு மாதமாக எழுந்து நின்று மிதித்தால் மட்டும் வலது பக்கம் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். பிபிதான் (பெடல் கைகள் சுற்றுகிற அச்சுப் பகுதி) என்று நினைத்து இரண்டு முறை மாற்றியாயிற்று. பெடலைக் கழற்றிக் கிரீஸ் வைத்தோம், சீட் பில்லரை உருவித் துடைத்தோம். சத்தம் போகவில்லை. நேற்று மண்ணெண்ணெய்த் துணியை வைத்து அடிப்பக்கம் துடைத்தபோது, பிபிக்குப் பின்னால் செயின் ஸ்டே (பின் சக்கரத்துக்குப் போகிற கீழ்க்குழாய்) வந்து சேருகிற வெல்டிங் ஓரத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. நகத்தை வைத்து இழுத்தேன், நகம் மாட்டிக்கொண்டது. முடி இல்லை, விரிசல்.

கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். பில் அனுப்பச் சொன்னார்கள். பில் பத்திரமாகத்தான் இருக்கிறது, அதிலிருந்த எழுத்துதான் பறந்துபோய் வெறும் மஞ்சள் காகிதமாகக் கிடக்கிறது. கதை முடிந்தது.

இப்போது கேள்வி. என் எடை 74 கிலோ. சனிக்கிழமை ஈசிஆரில் மாமல்லபுரம் வரை, வருடத்துக்கு இரண்டு மூன்று 200, 300 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூரச் சவாரி), எப்போதாவது ஏற்காடு அல்லது கொல்லிமலை. கையில் 80 ஆயிரம். குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) ஸ்டீலில் புதியது வாங்கலாம், மறுபடி அலுமினியமே எடுக்கலாம், இல்லையென்றால் நண்பர் ஒருவர் தரும் பழைய கார்பன் இருக்கிறது. மூன்றில் எது? ஸ்டீல் என்றால் 'சொகுசு', அலுமினியம் என்றால் 'முதுகு போகும்' என்கிறார்களே, அது உண்மையா?

கொல்லி70 | ஞாயிறு இரவு 10.05

கார்பன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? என் ஃப்ரேம் ஒரு கிலோகூட வராது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது ஸ்டீலின் அருமை பெருமையை யாரும் பேச மாட்டார்கள், பேச மூச்சு இருக்காது.

முன்பார் சவாரி | ஞாயிறு இரவு 10.31

கொல்லி தம்பி, ஒரு கணக்கு. ஆள் 74, சைக்கிள் பத்தரை, தண்ணீரும் பையும் சேர்த்து மொத்தம் 86 கிலோ என்று வையுங்கள். நல்ல குரோமோலி ஃப்ரேம் இரண்டு கிலோ, உங்கள் கார்பன் ஒரு கிலோ. மிச்சமாவது 86ல் ஒன்று. இரண்டு மணி நேரம் ஏறினால் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாகத்தான் லாபம். அதை நான் பாதி வழியில் ஒரு வடைக்கே கொடுத்துவிடுவேன்.

கொல்லி70 | ஞாயிறு இரவு 10.40

அண்ணா, கணக்கு சரி. மிதித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். எழுந்து நின்று ஒரு அழுத்து அழுத்தினால் சைக்கிள் அப்படியே முன்னால் பாய்கிறது, அது ஒன்றரை நிமிடத்தில் வராது. வடை விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரவில்லை.

திருச்சி உலோகம் | திங்கள் காலை 6.15

நைட் ஷிப்ட் முடிந்து வந்து படிக்கிறேன். சொகுசு பற்றி ஆளாளுக்குச் சொல்வதற்கு முன்னால் குழாயைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம்.

ஸ்டீலின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.85 கிராம், அலுமினியம் 2.7, டைட்டானியம் 4.5. வளைக்க முயன்றால் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதற்கும் ஒரு எண் உண்டு. அது ஸ்டீலுக்கு 200 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70, டைட்டானியத்துக்கு 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எண்ணை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். மூன்றுமே 25க்குப் பக்கத்தில்தான் வரும். எடைக்கு எடை பார்த்தால் மூன்றும் ஒரே விறைப்பு! காலேஜில் இதை முதல் முறை போட்டுப் பார்த்தபோது நான் கால்குலேட்டரைத்தான் சந்தேகப்பட்டேன்.

அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? குழாயின் பருமனிலிருந்து. சுவர் மெலிந்த குழாய் ஒன்றின் விட்டத்தை இரண்டு மடங்காக்கிச் சுவரைப் பாதியாக்கினால் எடை மாறாது, விறைப்பு மட்டும் நான்கு மடங்காகும். ஸ்டீலில் இந்த வித்தையை ரொம்ப தூரம் கொண்டுபோக முடியாது. நல்ல பட்டட் குழாயில் ஓரங்களில் 0.8 மி.மீ., நடுவில் 0.5 மி.மீ. என்று ஏற்கனவே ஒல்லியாகத்தான் இருக்கும். இன்னும் மெலிந்தால் சுவரில் சாய்த்து வைத்தாலே நசுங்கும். அலுமினியம் இலேசு என்பதால் சுவரைத் தடியாக வைத்துக்கொண்டே குழாயையும் பருமனாக்க முடியும். உங்கள் ஹைப்ரிட் தொடை மாதிரி இருந்ததற்கும், தாத்தா காலத்து ரேஸ் சைக்கிள் மூங்கில் குச்சி மாதிரி இருந்ததற்கும் இதுதான் காரணம். அலுமினியம் 'முரடு' என்பது உலோகத்தின் குணம் இல்லை, பருமனின் குணம்.

கார்பன் தனி ஜாதி. அது உலோகமே இல்லை, நூலும் பிசினும் சேர்ந்த துணி. நூல் ஓடுகிற திசையில் இரும்பை மிஞ்சும், குறுக்கே இழுத்தால் பிசினுக்கு இருக்கிற பலம்தான். அதனால் ஒரே ஃப்ரேமை பிபி பக்கம் விறைப்பாகவும் சீட் ஸ்டே (சீட்டுக்கு அடியிலிருந்து பின் சக்கரத்துக்கு இறங்குகிற குழாய்) பக்கம் கொஞ்சம் இளக்கமாகவும் அடுக்க முடியும். கொல்லி70 சொல்கிற 'பாய்ச்சல்' பொய் இல்லை. அடுக்கினவர் தெரிந்து அடுக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி உங்கள் விரிசல். ஒரு கம்பியை லேசாக, ஆனால் லட்சக்கணக்கான முறை வளைத்தால் ஒருநாள் அலுத்து முறியும். ஸ்டீலில் ஒரு எல்லை உண்டு, அதற்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் அலுப்பதில்லை. அலுமினியத்துக்கு அந்த எல்லை கிடையாது, எவ்வளவு சின்ன அழுத்தமும் கணக்கில் ஏறும். 38,000 கி.மீ.யை மணிக்கு 20 என்று வகுத்தால் 1,900 மணி நேரம். நிமிடத்துக்கு 80 சுற்று. மொத்தம் 90 லட்சம் மிதி, வலது காலுக்கு மட்டும். செய்தவர்கள் இதைத் தெரிந்துதான் தடிமன் வைக்கிறார்கள், பெரும்பாலான ஃப்ரேம் ஓனரை முந்திக்கொண்டு போவதில்லை. ஆனால் போகும்போது வெல்டிங் ஓரத்தில்தான் போகும்.

சிறுசேரி மிதி | திங்கள் காலை 8.50

90 லட்சமா! எனக்கே என் மேல் மரியாதை வருகிறது சார்.

ஆர்கான் வெல்டிங் போட்டால் தாங்குமா? துரைப்பாக்கத்தில் ஒரு பட்டறையில் '500 ரூபாய், அரை மணி நேரம்' என்கிறார்கள்.

சாவி நம்பர் 15 | திங்கள் பகல் 1.20

போடாதீங்க. நான் சைக்கிள் கடை வைத்திருப்பவன், அப்பா காலத்திலிருந்து. வருகிற வேலையை விடுகிறோம் என்று நினைக்க வேண்டாம், 500 ரூபாயில் பல் போன கதை நிறையப் பார்த்துவிட்டேன்.

அலுமினிய ஃப்ரேம் அநேகமாக 6061 என்கிற ரகம். கம்பெனியில் வெல்டிங் முடித்து மொத்த ஃப்ரேமையும் அடுப்பில் 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, திரும்பவும் மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைப்பார்கள். ஸ்டிக்கரில் 'டி6' என்று போட்டிருப்பது அதைத்தான். பட்டறையில் ஒரு புள்ளியில் மட்டும் சுட்டால் அந்த இடத்தைச் சுற்றி உலோகம் வெந்து மெத்தென்று ஆகிவிடும். வெல்டிங் நிற்கும், பக்கத்தில் விடும். நீங்கள் ஓஎம்ஆர் பாலத்து இறக்கத்தில் இருக்கும்போது விடும்.

ஸ்டீல் அப்படி இல்லை. அப்பா ஹெர்குலிஸ் பார் முறிந்து வந்தால் காஸ் வைத்துப் பித்தளை ஊற்றிவிடுவார். பால் கேன் கட்டுகிற சைக்கிள்கள், ஒரு பக்கத்துக்கு இருபது லிட்டர் தொங்கும். ஒட்டுப் போட்ட இடம் முறிந்து திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, பக்கத்து இடம் வந்திருக்கிறது. ஆனால் அதே கையோடு இன்றைய மெல்லிய குரோமோலியில் காஸை நீட்டினால் குழாய் உருகி ஓட்டை விழும். அதற்குச் சூடு குறைவாக இருக்க வேண்டும், வெள்ளி கலந்த கம்பி வேண்டும், பொறுமையும் வேண்டும். 'ஸ்டீல் என்றால் எந்தக் கிராமத்திலும் ஒட்டலாம்' என்று இங்கே அடிக்கடி எழுதுகிறார்கள். எந்தக் கிராமத்திலும் ஹெர்குலிஸை ஒட்டலாம் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. விலை குறைந்த சைக்கிளில் 'ஸ்டீல்' என்று போட்டிருந்தால் அது குரோமோலி இல்லை, ஹை டென்சைல். தடி, கனம். நகத்தால் குழாயைச் சுண்டிப் பாருங்கள். மெல்லிய குழாய் டிங் என்று மணி மாதிரி கேட்கும், தடிக் குழாய் டொக் என்று நின்றுவிடும்.

முன்பார் சவாரி | திங்கள் மாலை 7.02

குழாய் என்று வந்ததால் ஒரு கிளைக்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் 1949ல் தொடங்கியது, முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து. கம்பெனிப் பெயரிலேயே குழாய் இருக்கிறது பாருங்கள். உலகம் முழுக்க ரேஸ்காரர்கள் கொண்டாடிய ரெனால்ட்ஸ் 531 குழாய், 1935ல் பர்மிங்காமில் வந்தது, அந்தக் கம்பெனியும் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில்தான் இருந்தது. பழைய ஸ்டிக்கரில் 'டிஐ ரெனால்ட்ஸ்' என்றே இருக்கும். என் அப்பா அம்பத்தூர் ஹெர்குலிஸின் முன்பாரில் துண்டை மடித்துப் போட்டு என்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனார். ரெனால்ட்ஸுக்கு நாமும் ஒருவகையில் பங்காளிதான். சொகுசு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், ராயபுரம் ரோட்டைத் துண்டு தாங்கவில்லை.

வல்லை வெளி | திங்கள் இரவு 11.10

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறன். எரிபொருள் தடை இருந்த தொண்ணூறுகளிலை எங்கட ஊர் முழுக்கச் சயிக்கிளிலைதான் ஓடினது. ஆக்கள், விறகு, அரிசி மூட்டை, சில நேரம் நோயாளி. எல்லாம் இரும்புச் சயிக்கிள். எங்கட லுமாலா சயிக்கிள் இப்பவும் வீட்டிலை நிக்குது, தம்பியின்ரை மகன் ஓடுறான்.

ஒரு விசயம் மட்டும் சொல்லோணும். கடற்கரைக் காத்திலை இரும்பு வெளியிலை கறள் பிடிக்கிறது பெரிய பிரச்சினை இல்லை, கண்ணுக்குத் தெரியும். குழாய்க்கு உள்ளுக்கை பிடிக்கிறதுதான் சனியன். மழை பெய்தால் சீட்டுக் கம்பி வழியாத் தண்ணி இறங்கி அடியிலை பிபிக்குள்ளை நிக்கும். நான் வருசத்துக்கு ஒருக்கா மாரிக்கு முன்னம் சீட்டைக் கழட்டி, பழைய எஞ்சின் ஒயிலை உள்ளுக்கை ஊத்தி, சயிக்கிளைத் தலைகீழாப் பிரட்டிப் பிரட்டி எல்லாப் பக்கமும் ஓட விடுவன். ஒரு நாள் முழுக்கக் கீழை பேப்பர் விரிச்சு வடிய விடோணும், இல்லாட்டி மனிசி பேசும்.

சிறுசேரி மிதி | செவ்வாய் காலை 7.25

கறள் என்றால் துருதானே அண்ணை? நல்ல சொல்லாக இருக்கிறது. ஈசிஆர் காற்றில் என் பழைய செயின் ஒரே வாரத்தில் செம்பருத்தி நிறமாகிவிடும், அதனால்தான் ஸ்டீல் என்றாலே கொஞ்சம் பயம்.

பனிச்சறுக்கல் | செவ்வாய் காலை 7.58

அந்தப் பயத்துக்கு மருந்து டைட்டானியம். டொராண்டோவில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். எனக்கு முன்னால் இரண்டு ஸ்டீல் ஃப்ரேமை அந்த உப்பு தின்றது. டைட்டானியம் வாங்கி எட்டு வருடம் ஆகிறது, பெயின்ட்டே கிடையாது, ஈரத்துணியால் துடைத்தால் புதுசு. 80 ஆயிரத்துக்கு ஃப்ரேம்கூட வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தற்பெருமைக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு: டைட்டானியம் துருப்பிடிக்காது, அதற்குள் சொருகிய அலுமினிய சீட் பில்லர் சும்மா இருக்காது. கிரீஸ் வைக்காமல் இரண்டு குளிர்காலம் விட்டேன். உப்புத் தண்ணீர் நடுவில் புகுந்து இரண்டு உலோகமும் பேட்டரி மாதிரி வேலை செய்து, பில்லர் உள்ளேயே ஒட்டிக்கொண்டது. கடைசியில் ரம்பத்தை உள்ளே விட்டு நீளவாக்கில் அறுத்து எடுத்தோம். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது.

கொல்லி70 | செவ்வாய் பகல் 12.45

எல்லோரும் கார்பனை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டீர்கள். 1986லேயே கிரெக் லெமாண்ட் கார்பன் குழாய் வைத்த சைக்கிளில் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். இன்றைக்கு அங்கே வேறு எதையாவது பார்க்க முடியுமா? எடை குறைந்துகொண்டே போகிறது என்று உலக சைக்கிள் சங்கமே 2000ல் 6.8 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்று தடுத்தது. சும்மாவா தடுத்தார்கள்?

முன்பார் சவாரி | செவ்வாய் பகல் 1.10

லெமாண்ட் ஜெயித்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, 1998ல், இத்தாலியின் மார்கோ பந்தானி அதே பந்தயத்தை அலுமினிய பியாங்கி சைக்கிளில் ஜெயித்தார். அந்த மலைகளை ஏறிய கால்களைப் பார்த்தால் ஃப்ரேம் எதுவாக இருந்தாலும் சரி என்று தோன்றும். அப்புறம், அவர்களுக்குப் பின்னால் காரில் இன்னும் நாலு சைக்கிள் வரும். சிறுசேரிக்குப் பின்னால் டவுன் பஸ்தான் வரும்.

சாவி நம்பர் 15 | செவ்வாய் மாலை 4.30

பழைய கார்பன் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு நேராக வருகிறேன். கார்பன் மிதித்துத் தேய்வது இல்லை. அடிபட்டுத்தான் போகும், அடி வெளியே தெரியாது. போன வருடம் ஒரு பையன் ஊரிலிருந்து பஸ் கூரையில் கட்டி எடுத்து வந்தான். கயிற்றை மேல்குழாயின் மேலேயே இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். பெயின்ட்டில் ஒரு கோடு, அவ்வளவுதான். பத்து ரூபாய் காசை எடுத்துத் தட்டிக்கொண்டே வந்தேன்: டக், டக், டக், அந்தக் கோட்டுப் பக்கம் வந்ததும் தப், தப். உள்ளே அடுக்கு பிரிந்துவிட்டது. அவனே தட்டிப் பார்த்தான், முகம் செத்துப்போனது.

அதனால் நண்பர் சைக்கிளைக் காசு வைத்துத் தட்டுங்கள். சீட் கிளாம்ப் சுற்றிலும், ஃபோர்க் கழுத்திலும், பிபி அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்குகிற சாவி) அவரிடம் உண்டா என்று கேளுங்கள். சீட் கிளாம்ப்புக்கு 5 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கும். 'இன்னும் ஒரு சுத்து' என்று சாதாரண ஆலன் கீயால் முறுக்கியே பலபேர் கார்பனைக் கொல்கிறார்கள். 'டார்க் ரெஞ்சா, அது என்ன' என்று கேட்டால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். பழுது பார்க்கலாம், பெரிய ஊர்களில் திரும்ப அடுக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சேலத்தில் இரவு பதினொரு மணிக்கு இருக்க மாட்டார்கள்.

திருச்சி உலோகம் | புதன் காலை 6.40

சொகுசு பாக்கி இருக்கிறது. சைக்கிள் ஃப்ரேம் என்பது இரண்டு முக்கோணம். முக்கோணத்தை மேலிருந்து அழுத்தினால் அது எந்த உலோகமானாலும் அநேகமாக அசையாது, பாலம் கட்டுகிறவர்கள் முக்கோணத்தை நம்புவதே அதனால்தான். குழியில் விழும்போது ஃப்ரேம் மேலும் கீழும் அமுங்குவது மிக மிகக் குறைவு. டயர் பல மி.மீ. அமுங்கும், சீட் அமுங்கும், சீட் பில்லரும் ஃபோர்க்கும் கொஞ்சம் வளையும். இத்தனையும் வரிசையாக வேலை செய்தபிறகு ஃப்ரேமுக்கு மிஞ்சுவது துணுக்கு.

1996ல் ஒரு அமெரிக்க சைக்கிள் இதழ் சோதனை செய்தது. இத்தாலியக் கைவினைஞர் ஒருவரிடம் ஒரே அளவில், ஒரே கோணத்தில் ஏழு ஸ்டீல் ஃப்ரேம். குழாயின் ரகம் மட்டும் வேறு வேறு, விலை குறைந்ததிலிருந்து கூடியது வரை. எது எது என்று சொல்லாமல் ஓட்டக் கொடுத்தார்கள். ஓட்டினவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏழும் ஸ்டீல்தான், அதை வைத்துக் கார்பனையும் அலுமினியத்தையும் முடிவு கட்ட முடியாது. ஆனால் 'இந்தக் குழாயின் உயிர்த்துடிப்பு தொடையில் தெரிகிறது' என்று எழுதுகிறவர்களை நான் அதற்கப்புறம் கொஞ்சம் சிரித்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

பனிச்சறுக்கல் | புதன் காலை 7.05

என்னைத்தானே சொல்கிறீர்கள். போன மாதம்தான் 'டைட்டானியத்தின் மெல்லிய அதிர்வு' என்று ஒரு பதிவு போட்டேன்.

திருச்சி உலோகம் | புதன் காலை 7.11

படித்தேன் நண்பரே. நன்றாக இருந்தது.

சிறுசேரி, உங்கள் ஹைப்ரிட்டில் என்ன டயர், எவ்வளவு காற்று?

சிறுசேரி மிதி | புதன் இரவு 9.15

28 மி.மீ. அகல டயர். காற்று 100 பிஎஸ்ஐ, டயரில் அதிகபட்சம் என்று எதைப் போட்டிருந்ததோ அதையே அடிப்பேன். இறுக்கமாக இருந்தால் வேகம் என்று நினைத்தேன்.

திருச்சி உலோகம் | வியாழன் காலை 6.20

'முதுகு போகும்' என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. 86 கிலோவுக்கு 32 டயரில் பின்னால் 65, முன்னால் 60 வைத்து ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பான ரோட்டில் காற்று அதிகமானால் சக்கரம் உருளாமல் குதிக்கும். குதிக்கிற ஒவ்வொரு முறையும் நீங்கள் போட்ட உழைப்புதான் வீண்.

சிறுசேரி மிதி | ஞாயிறு பகல் 11.50

ஒரு வார வேலையைச் சொல்கிறேன். நண்பரின் கார்பனைத் தட்டினேன். சத்தம் சுத்தம், டார்க் ரெஞ்சும் வைத்திருந்தார். ஆனால் 25க்கு மேல் டயர் போக இடமில்லை, மட்கார்டுக்கு ஓட்டையும் இல்லை. முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தண்ணீரை முகத்தில் வாங்கிக்கொண்டு ஒரு நவம்பர் 200ஐ முடித்தவன் நான். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் பெருங்குடியில் தெரிந்தவரின் குரோமோலி டூரிங் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு நேற்று மாமல்லபுரம் போனேன். 32 டயர், 62 பிஎஸ்ஐ. முட்டுக்காடு பாலம் தாண்டியதும் ஒரு ஒட்டுப்போட்ட ரோடு வருமே, வழக்கமாக அங்கே கையை மாற்றி மாற்றிப் பிடிப்பேன். நேற்று அந்த இடம் போனதே தெரியவில்லை. அட ஸ்டீல் ஸ்டீல்தான் என்று மனதுக்குள் உருகிவிட்டேன். கோவளத்தில் இளநீர் குடிக்கும்போது திருச்சி சார் ஞாபகம் வந்தது. திரும்பும்போது வேண்டுமென்றே 95 அடித்தேன். அதே ஸ்டீல், அதே பாலம், பல் கிடுகிடுத்தது.

இருந்தாலும் ஸ்டீலே எடுக்கிறேன். 35 டயர் வரை இடம், மட்கார்டு ஓட்டை, கேரியர் ஓட்டை எல்லாம் அதில்தான் என் காசுக்குக் கிடைக்கிறது. இதே வசதியோடு அலுமினியம் கிடைத்திருந்தால் அதையே எடுத்திருப்பேன். வல்லை வெளி அண்ணை, எஞ்சின் ஆயில் வாங்கிவிட்டேன். பேப்பரும் எடுத்து வைத்தாயிற்று.

கொல்லி70 | ஞாயிறு பகல் 12.20

வாழ்த்துகள். கொல்லிமலை உச்சியில் ஒன்றரை நிமிடம் காத்திருக்கிறேன்.

முன்பார் சவாரி | ஞாயிறு பகல் 12.24

வடை வாங்கி வையுங்கள்.

சாவி நம்பர் 15 | ஞாயிறு மாலை 6.00

நல்ல முடிவு. வண்டி வந்ததும் பிபியையும் சீட் பில்லரையும் ஒருமுறை கழற்றி கிரீஸ் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள், புது வண்டியில் பல சமயம் பேருக்குத்தான் தடவியிருப்பார்கள். பழைய ஃப்ரேம் என்ன ஆச்சு? யாருக்கும் ஓட்டக் கொடுத்துவிடாதீர்கள்.

சிறுசேரி மிதி | திங்கள் காலை 8.30

கொடுக்கவில்லை அண்ணா. செயின் ஸ்டேயை நானே ரம்பத்தால் அறுத்துவிட்டுத்தான் காயலான் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே ஒரு பெரியவர் காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. தராசில் போட்டார். 'அலுமினியம் தம்பி, இரும்பா இருந்தா இந்த ரேட்டு கெடைக்காது' என்றார்.

கொல்லி70 | திங்கள் காலை 8.41

கார்பனுக்கு என்ன தருவாராம்?

சிறுசேரி மிதி | திங்கள் காலை 8.44

கேட்டேன். அது பிளாஸ்டிக் கணக்காம், அதையும் எடுப்பதில்லையாம்.